11,000 டாலர் டெலிக்காவை விட்டு 27,000 டாலர் ட்ரூப்பியை வாங்கிய கதை

ஆஸ்திரேலியாவின் பாலைவனச் சாலைகளில் சுற்றிவர ஒரு பழைய வண்டி தேடினோம். மிட்சுபிஷி டெலிக்கா வேன், டொயோட்டா ட்ரூப்பி, இரண்டையும் பெர்த்தில் ஒரே சனிக்கிழமையில் பார்த்தோம். டெலிக்காவில் மெத்தை, ஜன்னல் திரை, குளிர்பெட்டி என்று எல்லாம் தயாராக இருந்தன. ட்ரூப்பியின் பின்புறத்தில் வெறும் தகரம்தான். அதை வைத்திருந்தவர் வேலி போடும் தொழில் செய்கிறவர். கம்பிச் சுருள்களை இழுத்த கீறல் தரை முழுக்கத் தெரிந்தது. மீட்டரில் 3,40,000 கி.மீ. விலை அதிகமானதும் வசதி குறைந்ததுமான வண்டியை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்காத உறவினர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது.

எங்கள் பாதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பெர்த்திலிருந்து லேவர்டன், அங்கிருந்து கிரேட் சென்ட்ரல் ரோடு வழியாக உலுரு, 1,100 கி.மீ.க்குச் சற்று மேல், பிறகு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், தானமி பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து ஹால்ஸ் கிரீக், கனனரா, 660 கி.மீ. நீளமுள்ள கிப் ரிவர் ரோடு, டெர்பி, கடற்கரையோரமாக வீடு. இரண்டு பேர், இரண்டரை மாதம், இரவில் வண்டிக்குள்ளேயே உறக்கம்.

வேறு வண்டிகளையும் பார்க்காமல் இல்லை. நிசான் பேட்ரோல் மணலில் அருமையாகப் போகும், ஆனால் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை மாற்ற முடியாது. பிக்கப் வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரம் புகைப்படத்துக்கு அழகு. தினமும் காலையில் ஏணியில் நின்று அதை மடிக்கும் ஆசை எங்கள் இருவருக்குமே இல்லை. ஆகவே போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

டெலிக்கா என்று நான் சொல்வது மிட்சுபிஷியின் எல்400: 1994இல் ஜப்பானில் வந்த மாடல், 2.8 லிட்டர் டர்போ டீசல். ஆஸ்திரேலியாவுக்குப் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகளாகவே இறக்குமதியாகி வந்தது. ஓட்டுவதற்கு இது கார் மாதிரி. ஆட்டோமேட்டிக் கியர், முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன், மென்மையான இருக்கைகள். ஈரமான தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு ஓட்டலாம்; ட்ரூப்பியில் அது கூடாது, மண்ணும் மணலும் வந்தால்தான் போட வேண்டும். நண்பர் ஒருவரின் டெலிக்காவை பெம்பர்ட்டன் காடுகளில் நான்கு நாள் ஓட்டியிருக்கிறேன். என் சொந்த அனுபவம் அவ்வளவுதான், அந்த நான்கு நாளில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. என் மனைவி அங்கேயே அதற்கு வாக்களித்துவிட்டாள்.

ட்ரூப்பி என்பது டொயோட்டா லேண்ட் குரூசர் ட்ரூப் கேரியர். நாங்கள் தேடியது 1999 இறுதிக்குப் பின் வந்த 78 வரிசை, அதிலும் 1எச்இசட் எஞ்சின் உள்ளது: 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை. எஞ்சினுக்குக் கணினியும் இல்லை; டீசலை அளந்து கொடுப்பது இயந்திரப் பம்புதான். 2007இல் வந்த வி8 நல்ல வலுவுள்ளது, ஆனால் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. 1எச்இசட் மெதுவானது. சாதாரண ஏற்றத்திலேயே நான்காம் கியருக்கு இறங்க வேண்டும். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு டிரெயின் லாரியை முந்துவதற்கு முன் இஷ்ட தெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் வேறு. ஓட்டிப் பார்த்த அன்று மனைவி, “இதை ஓட்ட லாரி லைசென்ஸ் வேண்டாமா?” என்று கேட்டாள். கேலிதான், ஆனால் தவறென்று சொல்ல முடியாது.

இடம் மட்டும் தாராளம். பக்கவாட்டு இருக்கைகளைக் கழற்றிவிட்டால் ஆறடி ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். 90 லிட்டர் டேங்க் இரண்டு. நூறு கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடித்தாலும் கிட்டத்தட்ட 1,300 கி.மீ. போகலாம். தானமியில் ராபிட் ஃப்ளாட் எரிபொருள் நிலையம் 2010 இறுதியில் மூடப்பட்டது. அதன்பின் அந்தப் பாதையில் எரிபொருள் இடைவெளி நீண்டுவிட்டது. டெலிக்காவில் போகிறவர்கள் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் ஆலிஸில் நிரப்பிவிட்டு அதை மறந்துவிட்டோம்.

ஆனால் நாங்கள் ட்ரூப்பியை வாங்கியது இடத்துக்காகவும் இல்லை, டேங்குக்காகவும் இல்லை. உதிரிபாகத்துக்காக.

டெலிக்காவை எனக்கு ஓட்டக் கொடுத்த நண்பர் எங்களுக்கு முந்தைய ஆண்டு அதே பாதையில் போனார். கனனராவுக்கு வெளியே அந்தி நேரத்தில் ஒரு வல்லபி, அதாவது சிறிய கங்காரு வகை, குறுக்கே பாய்ந்தது. ரேடியேட்டர் பிளந்துவிட்டது. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எந்த வண்டியாக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். சிக்கல் அதன் பிறகு வந்தது. ஊரில் அந்த ரேடியேட்டர் இல்லை. பெர்த்திலிருந்து வர வேண்டும், சாலை வழியாக 3,200 கி.மீ. முதலில் வந்தது பெட்ரோல் மாடலுக்கானது. ஜப்பானுக்குள் விற்கத் தயாரித்த வண்டி என்பதால் சேசிஸ் எண்ணைச் சொல்லித்தான் சரியான பாகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ஆர்டர் போட்டிருக்கிறார்கள். ஆக மொத்தம் 11 நாள் கேரவன் பார்க்கில் வாடகை, உணவு. அவர்கள் பார்க்க வந்த அருவிகளில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னது: “தம்பி, வண்டி நல்ல வண்டிதான். பெர்த்துதான் தூரமாக இருந்தது.”

எங்களுக்கும் அதே ஊரில் ஒரு சிக்கல் காத்திருந்தது. கிளம்புவதற்கு முன் முன்சக்கர பேரிங்கைக் கழுவி கிரீஸ் மாற்றியிருக்க வேண்டும், நான் சோம்பிவிட்டேன். தானமி என்பது தகரக்கூரையின் மேல் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவது போன்ற சாலை. ஹால்ஸ் கிரீக் தாண்டித் தார் ஏறியதும் இடது முன்சக்கரத்திலிருந்து ஆட்டுக்கல் சுற்றுவது போன்ற ஓசை. கனனராவில் முதலில் கண்ட பட்டறையில் விட்டோம். மெக்கானிக் கேட்ட கேள்வி ஒன்றே: “எந்த வருடம்?” அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தார். மாலை நான்கு மணிக்கு வண்டி கைக்கு வந்துவிட்டது.

அந்த அலமாரியில் அது இருந்தது எங்கள் அதிர்ஷ்டத்தால் அல்ல. வடக்கே கால்நடைப் பண்ணை, சுரங்கம், காவல்துறை, பழங்குடிச் சமூகங்களின் மருத்துவ நிலையம் என்று எங்கே போனாலும் எங்கள் 78ஐயும் உள்ளடக்கிய 70 வரிசை லேண்ட் குரூசர்கள்தான் நிற்கின்றன. அந்தப் பேரிங்கை நாங்கள் வாங்காவிட்டால் நாளை ஒரு பண்ணைக்காரர் வாங்குவார். அதனால் கடைக்காரர் துணிந்து வாங்கி வைக்கிறார். சிறிய ஊர்களில் பட்டறைக்குப் பின்னால் ஓடாத ட்ரூப்பி ஒன்றிரண்டு கிடக்கும், கண்ணாடியோ கைப்பிடியோ அதிலிருந்து கழற்றிக் கொடுப்பார்கள். டெலிக்கா பழுதாகும் வண்டி என்று நான் சொல்லவில்லை. பெர்த், பிரிஸ்பேன் போன்ற நகரங்களைச் சுற்றி ஓட்டுவதாக இருந்தால், அல்லது கிழக்குக் கடற்கரையோடு நின்றுவிடுவதாக இருந்தால், நானே டெலிக்காவை வாங்கி 16,000 டாலரை மிச்சம் பிடித்திருப்பேன்.

பழைய ட்ரூப்பி பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினைவிடத் துருவைத் தேடுங்கள். கூரை விளிம்பின் மழைநீர்க் கால்வாய், முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் இரண்டிலும் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் பூசியிருந்தால் இன்னும் அழுத்துங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ஒரு லட்சம் கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டியது அது. கூரையை வெட்டித் தூக்கும் பாப்-டாப் பொருத்திய வண்டி என்றால், அந்த மாற்றத்துக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வண்டியானாலும் பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டினால் கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் கழித்துக் கட்டியது எல்லாம் தெரிந்துவிடும்.

காகித வேலையில் பெரிய வித்தியாசமில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பதிவு நடப்பில் உள்ள வண்டியைக் கைமாற்றப் பரிசோதனைச் சான்று தேவையில்லை; விக்டோரியாவில் அது இல்லாமல் பெயர் மாறாது. இந்தச் சலுகையால் எங்கள் பக்கம் விற்பவர் மறைக்கக்கூடியதும் அதிகம், ஆகவே 200, 300 டாலர் கொடுத்தாவது மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். டெலிக்கா போன்ற தனி இறக்குமதி வண்டிகளுக்குச் சில காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசி தர மறுக்கின்றன. முன்பணம் கொடுக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

ஊர் திரும்பி ஆறு மாதமாகிறது. மெத்தைப் பலகையும் அடுப்பும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. விற்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம், விளம்பரம் எதுவும் போடவில்லை. போன வாரம் வைப்பர் கம்பியில் ஒரு சீட்டு செருகியிருந்தது: “விற்பதாக இருந்தால் கூப்பிடவும்.” கீழே தொலைபேசி எண். மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். கூப்பிடுவதாக இருந்தால், அந்த மனிதரிடம் முதலில் கண்ணாடிச் சட்டத்தின் இடது மூலையில் கிளம்பியிருக்கும் துருவைத்தான் காட்ட வேண்டும்.