மர லேத்துக்கு எது சரி: விஎஃப்டியா, ட்ரெட்மில் மோட்டாரா?

மரம் கடையும் லேத்தில் வேகத்தை மாற்ற, ஒவ்வொரு முறையும் பெல்ட்டைக் கழற்றி புல்லி மாற்றியே சலித்துப் போனவர்களுக்கு இரண்டு வழி. த்ரீ பேஸ் மோட்டாரோடு விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), அல்லது பழைய ட்ரெட்மில்லின் டிசி மோட்டார்.

செலவு: ட்ரெட்மில் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும், கன்ட்ரோல் போர்டும் கூடவே வரும். விஎஃப்டிக்கு எல்லாமே காசு.

தூசு: மூடிய த்ரீ பேஸ் மோட்டாருக்குள் மரத்தூள் போகாது. ட்ரெட்மில் மோட்டார் பெரும்பாலும் திறந்த உடம்பு, கார்பன் பிரஷ் வேறு தேயும். அதன்மேல் ஒட்டியிருக்கும் எச்பி கணக்கை அப்படியே நம்பாதீர்கள், அது உச்சத்தில் சில நொடிக்கான கணக்கு.

இணைப்பு: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கிள் பேஸ் விஎஃப்டி வீட்டு 230 வோல்ட்டில் ஓடும், ஆனால் வெளியே த்ரீ பேஸாகத் தருவதும் அதே 230 தான், அதனால் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும் (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்). டெர்மினல் பாக்ஸில் ஆறு முனை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள், மூன்றுதான் என்றால் வைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான்.

குறைந்த வேகம்: இரண்டுமே சூடாகும், மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும். புல்லியைத் தூக்கிப் போடாதீர்கள். பெரிய கிண்ணம் கடையும்போது அதுதான் இழுவை தரும்.

ரிவர்ஸ்: விஎஃப்டியில் ஒரு பட்டன். ட்ரெட்மில் மோட்டார்கள் பலவற்றில் ஃப்ளைவீல் (தண்டில் மாட்டிய கனமான சக்கரம்) மரை போட்டு இறுக்கியது, திருப்பி ஓட்டினால் கழன்று வரலாம்.

பேனா, பம்பரம் என்று சின்னதாகக் கடைபவருக்கு ட்ரெட்மில் மோட்டார் போதும். தினமும் பட்டறையில் ஓட்டுபவர் யோசிக்காமல் விஎஃப்டிக்குப் போகலாம்.