வெள்ள வரைபடத்திலிருந்து வீட்டை எடுத்துத் தருகிறோம் என்று 1,450 டாலர் வாங்கினார்கள், ஜாக்கிரதை

ஹூஸ்டன் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள், வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நான் கொடுத்த புகாருக்குக் கார்டு கம்பெனியின் பதில் இன்று காலைதான் வந்தது. கோபத்தோடு எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 1,450 டாலர். நடந்த வேலை பூஜ்யம். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தகராறு இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் வேண்டாம். எந்த மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். வெள்ள வரைபடத் திருத்த விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று இணையத்தில் விளம்பரம் போடும் சேவை. தேடினால் அரசாங்கத் தளத்துக்கும் மேலே வந்து நிற்கும். நீல நிறம், கழுகு மாதிரி ஒரு சின்னம். பார்த்தால் ஏதோ அரசு அலுவலகம் என்றே தோன்றும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபீமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பு வெளியிடும் வரைபடத்தில், எந்த ஆண்டிலும் வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்புள்ள பகுதிகளைத் தனியாகக் குறித்திருப்பார்கள். வீடு அதற்குள் விழுந்து, மேலே வங்கிக் கடனும் இருந்தால் வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 1973-இல் வந்த சட்டம் அது. ஆனால் வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்று மட்டம் பார்ப்பதில்லை. இயற்கையாகவே மேட்டில் இருக்கும் வீடும் சில சமயம் கோட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டை வெளியே எடுக்கத்தான் லோமா என்ற திருத்தக் கடிதம். வீட்டைச் சுற்றியுள்ள தரையில் மிகத் தாழ்ந்த இடம், ஃபீமா அந்த இடத்துக்குக் கணக்கிட்ட வெள்ள மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் போதும். இதற்கு ஃபீமா ஒரு காசுகூடக் கட்டணம் வாங்குவதில்லை. மண் கொட்டி மேடாக்கிய இடம் என்றால் கதை வேறு, அதற்குத் தனி விண்ணப்பம், கட்டணமும் உண்டு.

எங்கள் வீடு தென்மேற்கு ஹூஸ்டனில். பின்பக்கம் பயூவை, அதாவது மெதுவாக ஓடும் ஓடையை, நோக்கிச் சரிந்து போகும், முன்பக்கம் நல்ல மேடு. 2017-இல் ஹார்வி புயல் ஊரையே மூழ்கடித்தபோதும் எங்கள் வாசல்படியைத் தண்ணீர் தொடவில்லை. வரைபடத்தில் மட்டும் ஏஇ மண்டலம், அதாவது அந்த 1 சதவீத வெள்ளப் பகுதி. சர்வேயரை வைத்து உயரச் சான்றிதழ் எடுத்தோம். வெள்ள மட்டம் 61.2 அடி, எங்கள் வீட்டை ஒட்டிய தாழ்ந்த தரை 62 அடி. முக்கால் அடிக்கும் மேலே இருக்கிறோம். சுலபமான கேஸ்.

சிக்கல் மனையின் சட்டபூர்வ விவரத்தில். எங்கள் மனை ஒரே லாட், அதாவது பதிவான வரைபடத்தில் எண் போட்ட ஒரே துண்டு, கிடையாது. பத்திரத்தில் ‘பிளாக் 3, லாட் 14 முழுவதும், லாட் 15-இன் கிழக்கு 12 அடியும்’ என்று இருக்கும். அதோடு சப்டிவிஷன் (மனைகளாகப் பிரித்த குடியிருப்புப் பகுதி) பெயர், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதிவேட்டில் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்பதும் இருக்கும். பழைய சப்டிவிஷன்களில் இதெல்லாம் சகஜம். முன்பு இருந்தவர் பக்கத்து மனையில் ஒரு துண்டை வாங்கிச் சேர்த்திருப்பார். நம்மூர்ப் பத்திரத்தில் கடைசியில் சொத்து விவரம் என்று நான்கெல்லை எழுதுவார்களே, அதே வேலைதான் இந்தப் பத்தியும் செய்கிறது. ஃபீமா கொடுக்கும் கடிதத்திலும் இந்த விவரம்தான் அச்சாகும். எந்த மனைக்கு என்று அதை வைத்துத்தான் வங்கி பார்க்கும். இதில் ஒரு எழுத்து மாறினாலும் கடிதம் வேறு யாருடைய நிலத்துக்கோ போய்விடும். அதனால்தான் ‘சட்ட விவரத்தை ஃபீமா கேட்கும் வடிவத்தில் எங்கள் நிபுணர்கள் எழுதித் தருவார்கள்’ என்ற விளம்பரம் என்னை இழுத்தது.

போன் போட்டேன். எடுத்தவர் அவ்வளவு மரியாதை. முகவரி மட்டும்தான் கேட்டார். ஒரு நிமிடம் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு அவராகவே, ‘உங்களுடையது லாட் 14-ம் அடுத்த லாட்டில் ஒரு துண்டும், பிளாக் 3, சரிதானே சார்?’ என்றார். நான் வாயே திறக்கவில்லை! மனையின் ஜாதகத்தையே கையில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நம்பிக்கை வந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அது சொத்துவரி மதிப்பீட்டுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒரு வரி என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு வந்த எரிச்சலை எழுத முடியாது.

அப்புறம் வரிசையாகப் பேசினார். தாழ்ந்த தரை மட்டம், வரைபடப் பலகை எண், உயர அளவுக்கான பழைய அடிப்படை, புதிய அடிப்படை என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ‘உங்கள் கேஸ் மாதிரி வாரத்துக்குப் பத்து செய்கிறோம். கேஸ் கிடைக்கும் என்று உத்தரவாதம், இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பி’ என்றார். ‘கேஸ் கிடைக்கும்’ என்ற அந்தச் சொல்லை அவர் எவ்வளவு யோசித்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார் என்பது பின்னால் வரும், பாருங்கள். கார்டு எண்ணைக் கொடுத்தேன். 1,450 டாலர் அந்த நிமிடமே போனது.

நடுவில் நல்ல செய்தியாகத்தான் வந்தது. ‘வாழ்த்துகள், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, கேஸ் எண் இதோ’ என்று மின்னஞ்சல். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். காப்பீட்டுப் பணம் மிச்சமானால் அதை என்ன செய்யலாம் என்றுகூடப் பேசிவிட்டோம்.

பிறகு ஃபீமாவிடமிருந்து கடிதம் வந்தது. அனுமதி இல்லை. கூடுதல் தகவல் கேட்டுக் கடிதம். 90 நாளுக்குள் தராவிட்டால் கேஸை நிறுத்திவைப்போம் என்று போட்டிருந்தது. அதன் பிறகுதான் இவர்கள் என்ன அனுப்பினார்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். தலை சுற்றியது.

சட்ட விவரம் எழுத வேண்டிய இடத்தில், ‘எல்டி 14 & டிஆர் 15ஏ பிஎல்கே 3’. அவ்வளவுதான். வரி மதிப்பீட்டுத் தளத்திலிருந்து வெட்டி ஒட்டியது. எல்டி என்றால் லாட், டிஆர் என்றால் துண்டு, பிஎல்கே என்றால் பிளாக்; வரி வசூலிக்க அவர்கள் வைத்துக்கொண்ட சுருக்கெழுத்து. 15ஏ என்ற துண்டு பதிவான வரைபடத்தில் எங்குமே கிடையாது. 12 அடி என்ற பேச்சே இல்லை.

இணைத்த பத்திரம்? வீடு வாங்கிய அன்று கையெழுத்துப் போட்ட நகல். கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் பதிவு எண்ணோ முத்திரையோ இல்லாத நகல். பதிவு விவரம் தெரியும் பத்திரம் வேண்டும், கூடவே தெருக்களோடு சேர்த்து மனை எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் வேண்டும் என்று படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. ‘நிபுணர்’ அதைப் படிக்கவே இல்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எதை மண்டலத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று படிவம் கேட்கும். வீட்டை மட்டுமா, மனையில் ஒரு பகுதியையா, முழு மனையையுமா? எங்களுக்கு வேண்டியது வீடு மட்டும்தான். வங்கிக்கும் வீடுதான் கணக்கு. இவர்கள் ‘மனையில் ஒரு பகுதி’ என்பதில் டிக் அடித்திருக்கிறார்கள். அதை டிக் அடித்தால், அந்தப் பகுதியின் எல்லையைத் திசையும் தூரமுமாகச் சுற்றி எழுதிய விவரமும் வரைபடமும், உரிமம் பெற்ற சர்வேயரோ பொறியாளரோ சான்றளித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத ஒன்றை இழுத்துவிட்டு, அதையும் தப்பும் தவறுமாக எழுதியிருக்கிறார்கள்.

திசை தூர விவரம் என்பது ஒரு மூலையில் தொடங்கி, இந்தத் திசையில் இத்தனை அடி, பிறகு அந்தத் திசையில் இத்தனை அடி என்று போய்க் கடைசியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேராவிட்டால் அது எல்லையே இல்லை. எங்கள் மனை 72 அடி அகலம், 110 அடி நீளம், கிட்டத்தட்டச் செவ்வகம். வடகிழக்கு மூலையிலிருந்து தெற்கே 110 அடி, மேற்கே 72, வடக்கே 110, கிழக்கே 72. குழந்தைகூட வரைந்துவிடும். நிபுணர் இரண்டாவது வரியில் மேற்கு என்பதைக் கிழக்கு என்று அடித்திருக்கிறார். கோடு நேராகப் பக்கத்து வீட்டு நீச்சல் குளத்துக்குள் போகிறது. கடைசியில் முடிவது தொடங்கிய இடத்திலிருந்து 144 அடி தள்ளி. எந்த லாட்டின் மூலையிலிருந்து தொடங்குகிறது என்றும் எழுதவில்லை. சான்றும் இல்லை, முத்திரையும் இல்லை. இதை எழுதித் தரத்தான் 1,450 டாலர்.

போன் போட்டேன். முதலில் பேசிய அந்த மரியாதைக்காரர் ‘வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம்’. வந்த பெண், ‘கூடுதல் தகவல் கடிதம் எல்லாருக்கும் வரும் சார், நல்ல அறிகுறி’ என்றார். நல்ல அறிகுறியாம்! மறுபடி கேட்டபோது ‘ஃபீமாவில் வேலை தேங்கிக் கிடக்கிறது’ என்றார்கள். தகவல் தர வேண்டியது நாம்தானே அம்மா என்றால், ‘ஆய்வுக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்’. ஆய்வுக் குழுவுக்குப் போன் கிடையாது, சாட் மட்டும்தான். சாட்டில் ஒவ்வொரு முறையும் வேறு பெயர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கிழக்கு மேற்கு மாறியதைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில். கருத்தா அது?

கடைசியில் ஒருவர் உண்மையைப் போட்டு உடைத்தார். சர்வேயர் சான்றோடு திசை தூர விவரம் வேண்டுமென்றால் அது ‘கூடுதல் சேவை’, இன்னும் 600 டாலர். அவர்கள் தவறாக அடித்த டிக்குக்கு நான் 600 கட்ட வேண்டுமாம்! பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை அனுப்பினார்கள்: கேஸ் எண் கிடைத்தவுடன் சேவை நிறைவடைந்தது. ‘கேஸ் கிடைக்கும்’ உத்தரவாதம் புரிந்ததா? ஃபீமாவுக்கு விண்ணப்பம் என்று எதை அனுப்பினாலும் ஒரு கேஸ் எண் தருவார்கள். அது அனுமதி இல்லை, கோப்புக்குப் போடும் நம்பர்.

கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். அதற்கும் இவர்கள் அதே கேஸ் எண்ணை ஆதாரமாகக் காட்டி ‘சேவை வழங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். கார்டு கம்பெனியும் அதை நம்பி 1,450 டாலரை என் தலையிலேயே கட்டிவிட்டது. அந்தப் பதில்தான் இன்று காலை வந்தது. மேல்முறையீட்டுக்கு ஃபீமாவின் கடிதத்தையும் 144 அடிக் கணக்கையும் வைத்துக் காகிதம் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

வயிற்றெரிச்சலுக்கு இன்னொன்று. உயரச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்த சர்வேயர் பெரியவரிடம் இதையெல்லாம் காட்டினேன். சிரித்துவிட்டார். இந்த மாதிரி எளிய கேஸ்களை உரிமம் பெற்ற சர்வேயர்கள் ஃபீமாவின் இலோமா என்ற தளத்தில் தாங்களே போடலாமாம். அவருடைய கூலி உண்டுதான், ஆனால் 1,450-க்குப் பக்கத்தில்கூட வராது. வீடு மட்டும் என்று திருத்தி, பத்திரத்தில் இருக்கும் விவரத்தை அப்படியே எடுத்து எழுதச் சொன்னார். இப்போது அதைத்தான் செய்கிறேன். இதற்கிடையே காப்பீட்டுப் பிரீமியம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதை யார் தருவார்கள்?

சரி, கவனிக்க வேண்டியவை. விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

ஒற்றை வீட்டுக்கு லோமா இலவசம். அதற்கான எம்டி-ஈஸி என்ற படிவம் சில பக்கம்தான், முதலில் நீங்களே ஒரு தடவை படியுங்கள். சட்ட விவரத்தைப் பதிவான பத்திரத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுங்கள், வரித் தளத்திலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். வீடு மட்டும் போதும் என்றால் வீட்டுக்கு மட்டும் டிக். பழைய டெக்சஸ் பத்திரங்களில் தூரம் வாரா என்ற பழைய அளவில் இருக்கலாம், ஒரு வாரா 33 அங்குலமும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கும், யாராவது அதை அடி என்று நினைத்து அடித்துவிடப் போகிறார்கள். கடிதம் கிடைத்தாலும் வங்கி விரும்பினால் காப்பீடு கேட்கலாம், அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் எதற்கு உத்தரவாதம் என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது. கிளார்க் அலுவலகம் மூடுவதற்குள் முத்திரை போட்ட நகல் வாங்கப் போக வேண்டும். இந்த மாதிரி சேவையில் யாராவது பணம் விட்டிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். எல்லாருடைய கேஸ் எண்ணையும் சேர்த்து மாநிலத்தின் நுகர்வோர் பிரிவில் ஒரே புகாராகப் போடலாம் என்றிருக்கிறேன்.