ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தில் 3 ஆண்டுகள்: துணை விமானியின் மதிப்புரை

ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தின் துணை விமானியாக ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் 3 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அண்மையில் விலகினேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே ஆளெடுக்கும் விதமும் வேலை வாங்கும் விதமும் இருவேறு நிறுவனங்களுடையவை என்று எண்ணும்படி இருந்ததால், விண்ணப்பிக்க நினைப்பவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆள்சேர்ப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவுமில்லை. உரிமம், பறப்புப் பதிவேடு, முதல் வகுப்பு மருத்துவச் சான்று, சர்வதேச அளவுகோலில் குறைந்தது 4ஆம் நிலை ஆங்கிலத் தகுதி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே அழைத்தார்கள். எழுத்துத் தேர்வும் நேர்முகமும், தரையிலுள்ள மாதிரி விமானி அறையான சிமுலேட்டரில் ஒரு சோதனையும் 2 நாட்களில் முடிந்தன. எந்தக் கட்டத்திலும் கட்டணம் கேட்கவில்லை. சிமுலேட்டரில் ஓடுபாதையில் வி1 வேகத்தை, அதாவது அதற்கு மேல் புறப்பாட்டைக் கைவிடக் கூடாத வேகத்தைத், தாண்டியவுடன் வலது எஞ்சினை நிறுத்தினார்கள். விமானத்தின் மூக்கை இடப்புறம் திருப்பும் இடது ரட்டர் மிதியை மிதிப்பதற்கு நான் சற்றுத் தாமதித்துவிட்டேன். மூக்கு வலப்புறம் திரும்பியது. "திசை விலகுகிறது, திருத்துகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியபடி நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். தவறு நேர்ந்ததைவிட, அதை உடனிருப்பவருக்குத் தெரியும்படி சொல்லித் திருத்தியதைத்தான் கவனித்ததாகத் தேர்வாளர் பின்னர் கூறினார். அந்த ஒரு வாக்கியத்தில் நிறுவனத்தின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டாயிற்று. பயிற்சித் துறை கடைசி நாள்வரை அந்த மதிப்பைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 6 மாதங்களுக்கு ஒருமுறை வரும் சிமுலேட்டர் சோதனையை அவர்கள் ஆளை மடக்கும் பொறியாக ஒருபோதும் நடத்தவில்லை.

ஒப்பந்தத்தில் 2 விஷயங்களை ஊன்றிப் படிக்க வேண்டும். முதலாவது பாண்டு எனும் பணிக்கால உறுதிமொழி. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கிறது, பதிலுக்கு 3 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும் என்பதால் இதை நியாயமான ஏற்பாடாகவே கருதுகிறேன். இரண்டாவது, யார் நம்மை வேலைக்கு வைக்கிறார்கள் என்பது. என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் இடைத்தரகு நிறுவனம் வழியாக வந்தவர்கள். அவர்களுக்குப் பறந்த மணி நேரத்துக்கு மட்டுமே ஊதியம், நோயுற்றால் வருமானம் இல்லை. நேரடி நியமனத்துக்காகச் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருப்பதே மேல்.

இனி ரோஸ்டர் எனும் பணி அட்டவணை. அந்நாட்டு விதிகள் பெரும்பாலும் ஐரோப்பிய விதிகளை ஒட்டியவை: 28 நாட்களில் 100 மணி நேரத்துக்கும் ஒரு நாட்காட்டி ஆண்டில் 900 மணி நேரத்துக்கும் மேல் பறக்கக் கூடாது, இரண்டு விமானிகள் மட்டும் இருக்கும்போது ஒரு நாளின் பறப்புப் பணி நேரம் அதிகபட்சம் 13 மணி, அதுவும் பகலில் தொடங்கினால்தான், இரவில் தொடங்கினால் இன்னும் குறைவு. இவை தாண்டக் கூடாத எல்லைகள். ஆனால் ரோஸ்டர் துறை அவற்றை ஒவ்வொரு மாதமும் எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்குகளாகவே நடத்தியது. வெளியிட்ட அட்டவணை ஒரு வாரம்கூட மாறாமல் நின்றதில்லை. அழைப்புக்குத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாளில் மாலைப் பணி வருமென்று பகலில் தூங்கி எழுந்தால், மறுநாள் அதிகாலைப் பணியாக மாறியிருக்கும். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே பார்த்தால் சட்டத்துக்கு உட்பட்டது. சேர்த்துப் பார்த்தால் உடலுக்கு இரவு எது, பகல் எது என்றே தெரியாமல் போய்விடும். ஊதியத்தில் ஏறக்குறையப் பாதி பறந்த மணி நேரத்தைப் பொறுத்தது என்பதால், "களைப்பாக இருக்கிறது, பறக்க இயலாது" என்று சொல்பவர் அந்தப் பணத்தையும் இழக்கிறார்.

இரண்டாம் ஆண்டில், தொடர்ந்து நான்காவது இரவுப் பணியின்போது, விடியற்காலை 4 மணியளவில் தரையிறங்குவதற்காக இறங்கிக்கொண்டிருந்தோம். கட்டுப்பாட்டு அறை 8,000 அடிக்கு இறங்கச் சொன்னது. நானும் 8,000 என்றே திருப்பிச் சொன்னேன். ஆனால் இறங்க வேண்டிய உயரத்தைக் குறிக்கும் குமிழில் என் விரல்கள் 6,000 என்று வைத்தன. கேப்டன் அதைக் கண்டு கையை நீட்டித் திருத்தினார், எதுவும் நேரவில்லை. வாய் சரியாகச் சொல்ல, கை வேறொன்றைச் செய்தது இன்றும் என்னை உறுத்துகிறது. களைப்பு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பணியிலிருந்து விலகிக்கொண்டேன். 2 நாட்கள் கழித்து அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. எந்தப் பணி வரிசையால் களைப்பு உண்டாயிற்று என்று அவர்கள் கேட்கவில்லை, "புறப்படும் முன்பே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். பணியிலிருந்து விலகிய அந்த நாளை என் மருத்துவ விடுப்புக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டார்கள். அதன் பிறகு என்னைச் சுற்றியிருந்தவர்கள் களைப்பு அறிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டு, வயிற்றுக் கோளாறு என்று சொல்லத் தொடங்கினார்கள். உண்மையான காரணம் பதிவேட்டுக்கே வராததால் அந்தப் பணி வரிசையும் அப்படியே நீடித்தது.

இதே நிறுவனத்தின் வகுப்பறையில், 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்து 50 பேரைப் பலிகொண்ட கோல்கன் ஏர் 3407 விபத்தை ஒரு முழு முற்பகல் பாடமாக நடத்தினார்கள். விமானிகளின் களைப்பு அவர்களுடைய செயல்திறனைப் பாதித்திருக்கக்கூடும் என்று அந்த விசாரணை கூறியதையும், அதன் பின் அமெரிக்காவில் ஓய்வு விதிகள் திருத்தப்பட்டதையும் பயிற்றுநர் மனம் ஒன்றி விளக்கினார். ரோஸ்டர் தயாரிப்பவர்களும் அந்த வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நேர்முகத்தின் இறுதியில் "கேள்வி ஏதும் உண்டா?" என்பார்கள். அப்போது கேப்டன் பதவி உயர்வைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். களைப்பினால் விலகும் நாள் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்றும், சென்ற ஆண்டு அத்தகைய அறிக்கைகளால் மாற்றப்பட்ட பணி வரிசை ஒன்றைச் சொல்ல முடியுமா என்றும் கேளுங்கள். பறப்பு அனுபவம் தேவைப்படும் இளம் விமானிக்குப் பயிற்சியின் தரத்துக்காக இந்நிறுவனத்தைப் பரிந்துரைப்பேன். குழந்தைகள் உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாண்டு முடிந்த மாதமே விலகல் கடிதம் கொடுத்தேன். 3 மாத அறிவிப்புக் காலத்திலும் ரோஸ்டர் அப்படியேதான் இருந்தது. இறுதிக் கணக்கை மட்டும், ஒப்புக்கொண்ட தேதியில், ஒரு காசு குறையாமல் தீர்த்தார்கள்.