கடற்காற்றாலை போல்ட்டுகளுக்கு ஓசூரில் பூச்சு: ஒரு ஜாப் ஒர்க் கூடத்தைப் பற்றிய மதிப்பீடு

பிறர் தரும் உதிரிபாகங்களுக்குக் கட்டணம் பெற்றுப் பூச்சு போட்டுத் தரும் ஜாப் ஒர்க் கூடம் இது. ஓசூர் சிப்காட் பகுதியில் இயங்கும் இந்தக் கோட்டிங் கூடத்துக்கு, எங்கள் பட்டறையில் கடைந்தெடுக்கும் காற்றாலை ஸ்டட்களையும் (தலையில்லாத, மரை வெட்டிய தண்டுகள்) போல்ட்டுகளையும் தொடர்ந்து அனுப்பி வருகிறோம். நிலத்தில் நிற்கும் காற்றாலைகளுக்காகத் தொடங்கிய தொடர்பு இது. இப்போது கடலில் அமையவிருக்கும் காற்றாலைகளுக்கான மாதிரிகளையும் இவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். பூச்சு வேலையிலும் ஆவணங்களிலும் எனக்கு முழுத் திருப்தி. பேக்கிங்கும் தவணையும் திருந்த வேண்டும்.

கடலோரமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் கடற்காற்றாலைக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கிறார்கள். குஜராத், தமிழ்நாடு கடற்பரப்புகளில் தலா 500 மெகாவாட் அமைக்கவும் இரண்டு துறைமுகங்களை மேம்படுத்தவும் 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அதில் துறைமுகங்களுக்கு மட்டும் 600 கோடி. 15 மெகாவாட் காற்றாலை ஒன்றின் இறகு 115.5 மீட்டர் நீளம் வரும் என்பதால், அதைத் தொப்பூர் கணவாய் வழியாகக் கொண்டு செல்வதைப் பற்றி யாரும் யோசிக்கப் போவதில்லை. இறகும் கோபுரமும் அடித்தளமும் துறைமுகத்தை ஒட்டியே உருவாக வேண்டும். ஆனால் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் போல்ட்டுகள் சாதாரண லாரியில் தூத்துக்குடி போய்ச் சேரும். நம் பகுதியின் பங்கு அங்கேதான் இருக்கிறது, அந்தப் பங்கைப் பெறுவதற்கு நம்மிடம் லேத் இருந்தால் மட்டும் போதாது.

10.9 தர போல்ட் போன்ற உயர்வலிமை எஃகை அமிலத்தில் ஊறவைத்துத் துருவை நீக்கினால், ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட போல்ட், முறுக்கி இறுக்கிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ எந்த முன்னறிகுறியும் இன்றி முறியக்கூடும். இக்கூடத்தில் அமிலத் தொட்டியே கிடையாது. காரக் கரைசலில் எண்ணெய்ப்பசையைக் கழுவி, சிறு எஃகு மணிகளை வேகமாக வீசித் துருவை நீக்கும் ஷாட் பிளாஸ்டிங் செய்து, துத்தநாகச் செதில் கலந்த பூச்சை ஏற்றி, அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். சிறு போல்ட்டுகளைக் கூடையில் இட்டு முக்கிச் சுழற்றுகிறார்கள். கனமான ஸ்டட்களை அவ்வாறு செய்தால் ஒன்றோடொன்று மோதி மரை நசுங்கும் என்பதால், தனித்தனியே ரேக்கில் தொங்கவிட்டு ஸ்பிரே செய்கிறார்கள். அடுப்பிலிருந்து ஆறி வரும் ஸ்டட் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் மேல் மேற்பார்வையாளர் ஒருவர் பூச்சுக் கனம் காட்டும் மைக்ரான் கருவியைத் தண்டிலும் மரையை ஒட்டியும் மாற்றி மாற்றி வைத்து அளந்து, பிறகு மரையின் அளவைச் சரிபார்க்கும் வளையமான ரிங் கேஜைக் கையாலேயே கடைசி வரை ஓட்டிப் பார்க்கிறார். ஓரிடத்தில் சிக்கினாலும் அந்த ஸ்டட் தனியே வைக்கப்படுகிறது.

நான் இக்கூடத்தை விட்டு விலகாததற்கு ஆவணமே முதல் காரணம். எஃகு ஆலையின் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த எஃகு என்று காட்டும் எண்), எங்கள் லாட் எண் (சரக்குத் தொகுதியின் எண்), அடுப்பின் வெப்பநிலைப் பதிவு, பூச்சுக் கனம் ஆகிய எல்லாம் ஒரே அட்டையில் ஏறி, ஒவ்வொரு தட்டுடனும் நகர்கின்றன. கடலுக்குள் ஒரு போல்ட் பழுதானால் கப்பலும் நல்ல வானிலையும் வாய்த்தால்தான் அதை மாற்ற முடியும். ஆகவே, வாங்குபவர்கள் போல்ட்டைப் பார்க்கும் முன்பே அது எந்த உருக்கிலிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். எங்களைப் போன்ற சிறு பட்டறைகள் பெரும்பாலும் தோற்பது இந்தக் கேள்வியில்தான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு கவனமாகப் பூசிய ஸ்டட்களைச் சாக்குப் பையில் கட்டி அனுப்பினார்கள். வந்து இறங்கியபோது சிலவற்றின் முனை மரையில் பூச்சு பெயர்ந்திருந்தது. முறையிட்டதும் மறுப்பேதும் சொல்லாமல் மீண்டும் பூசித் தந்தார்கள், என்றாலும் மரைகளுக்கு பிளாஸ்டிக் உறை போடுவது இன்னும் வழக்கமாகவில்லை. வாகன உதிரிபாக ஆர்டர்கள் குவியும் மாதக் கடைசியில் எங்கள் சரக்கு பின்னுக்குத் தள்ளப்படுவதும் உண்டு. கிலோ கணக்கிலான கட்டணம் சாதாரண துத்தநாக முலாமைவிடக் கூடுதல்தான். வேலைக்குத் தகுந்த விலை என்றே கருதுகிறேன்.

பூச்சு துருவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கும் சால்ட் ஸ்பிரே சோதனைக்கு இவர்களிடம் சொந்த அறை இல்லை. மாதிரிகள் பெங்களூருக்குப் போகின்றன. 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைத் தொடர்ந்து தூவும் இச்சோதனையில் 1,000 மணி நேரம் கேட்டால், அதற்கே ஏறக்குறைய ஆறு வாரம் ஆகிவிடும். எனவே புதிதாகச் சரக்கு அனுப்புவோர் மாதிரிகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பூச்சுக் கனத்துடன், போல்ட்டை முறுக்கும்போது மரையில் எவ்வளவு உராய்வு இருக்கும் என்று காட்டும் உராய்வுக் கெழு எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் அதற்கேற்ற மேல்பூச்சைத் தேர்ந்து போடுகிறார்கள். எழுதாவிட்டால் வாகனத் தொழிலுக்கு வழக்கமாகப் போடும் பூச்சே வந்து சேரும்.