டொப், எச்டொப், ஏடொப்: தூரத்துச் சேவருக்கு எது உதவும்?

வவுனியாவில் இருந்துகொண்டு புதுக்குடியிருப்பில் உள்ள ஓர் அரிசி ஆலையின் கணக்குச் சேவரைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதில் ஓடும் செயன்முறைகளை (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களை) கவனிக்க எந்தக் கருவியை நிரந்தரமாக வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அது உபுண்டு இயங்கும் சிறிய கணினி. தூரத்திலிருந்து பாதுகாப்பாக இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளை வரி மட்டுமே கிடைக்கும். பிஎஸ், டொப், எச்டொப், ஏடொப் ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்து ஏடொப்பைத் தெரிவுசெய்தேன்.

லினக்ஸில் இந்த நான்கும் பெரும்பாலும், கேர்னல் (இயங்குதளத்தின் கரு) தன் நிலையை வெளிக்காட்டும் 'புரொக்' என்ற ஒரே இடத்திலிருந்துதான் தகவலை எடுக்கின்றன. ஆனாலும் ஒரே பெயரில் வரும் எண்கள் ஒரே பொருளைத் தருவதில்லை. பிஎஸ் காட்டும் சிபியு சதவீதம், அந்தச் செயன்முறை தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிட்ட சராசரி. டொப் காட்டுவதோ, திரை கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட பின் நடந்தது. பல நாட்கள் அமைதியாக இருந்துவிட்டு இப்போதுதான் சிபியுவை விழுங்கத் தொடங்கிய செயன்முறை, பிஎஸ்ஸில் ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். பெயரைத் தேடிச் செயன்முறையின் அடையாள எண்ணை எடுக்கவும், சிறு நிரல்களில் இணைக்கவும் பிஎஸ் போதும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

டொப் அநேகமாக எல்லா லினக்ஸ் கணினியிலும் முன்கூட்டியே இருக்கும். அதில் ஒரே ஓர் எச்சரிக்கை: செயன்முறையை நிறுத்த உதவும் கே விசையை அழுத்தியதும், பட்டியலின் முதல் வரியில் நிற்கும் செயன்முறையின் எண்ணையே அது முன்மொழியும். எண்ணைக் கொடுக்காமல் இருமுறை என்டர் தட்டினால் அந்தச் செயன்முறைக்கே 'முடித்துக்கொள்' என்று சொல்லும் 15ஆம் சமிக்ஞை போய்விடும்.

ஹிஷாம் முஹம்மத் 2004இல் தொடங்கிய எச்டொப் இந்த விடயத்தில் மிகவும் கவனமானது. எஃப்5 விசையால் எந்தச் செயன்முறை எதிலிருந்து பிறந்தது என்பதை மரமாகப் பார்க்கலாம். வேண்டியவற்றை இடைவெளி விசையால் குறித்துவிட்டு, எஃப்9 தரும் பட்டியலில் சமிக்ஞையைத் தெரிவுசெய்யலாம். கணினியின் முன்னால் இருந்து வேலை செய்பவர்களுக்கு நான் எச்டொப்பையே பரிந்துரைப்பேன்.

ஆனால் நான் கணினியின் முன்னால் இருப்பதில்லை. காலபோக அறுவடை முடிந்து நெல் குவியும் நாட்களில், பின்னேரம் ஆலையிலிருந்து அழைப்பு வரும்: "தம்பி, மத்தியானம் சிஸ்டம் சரியா இழுத்தது, இப்ப பரவாயில்லை." அந்நேரம் எச்டொப்பைத் திறந்தால் எல்லாம் சீராகவே தெரியும், ஏனெனில் அது காட்டுவது இந்தக் கணத்தை மட்டுமே, போன கணத்தைப் பற்றிக் கேட்க அதில் வழியே இல்லை. எனது தீர்மானம் இந்த ஓர் இடத்தில்தான் தங்கியிருந்தது.

ஏடொப் நிறுவப்பட்டதும் பின்னணியில் ஒரு சேவையாக ஓடி, வழமையான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை முழு முறைமையின் நிலையையும் ஒவ்வொரு செயன்முறையின் பங்கையும் நாளுக்கொரு கோப்பாகப் பதிந்து, 28 நாட்கள் வைத்திருந்து, பழையவற்றைத் தானே அழிக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து, பி விசையால் வேண்டிய நேரத்துக்குத் தாவி, சிறிய டீ விசையால் முன்னும் பெரிய டீயால் பின்னுமாக நகரலாம். அப்படித்தான் ஆலையின் மத்தியான மந்தத்துக்குக் காரணம் புலப்பட்டது: சிபியு ஏறத்தாழ ஓய்வாகவே இருந்தது; வன்தட்டு வரி சிவந்திருந்தது; காப்புப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் தட்டை முழுமையாகப் பிடித்து வைத்திருக்க, தரவுத்தளம் அதன் பின்னால் காத்துக்கிடந்தது. இத்தகைய நிலையில் எந்தச் செயன்முறையையும் நிறுத்தத் தேவையில்லை. வன்தட்டுக்காகக் காத்திருந்து 'டி' (D) என்ற இடைமறிக்க முடியாத நிலையில் நிற்கும் செயன்முறை, கட்டாயமாக நிறுத்தும் 9ஆம் சமிக்ஞைக்கும் உடனே அடங்காது என்பதால், அந்த வழி பெரும்பாலும் பயனற்றது. காப்புப் பிரதியை இரவுக்கு மாற்றியது போதுமாக இருந்தது.

இரு பதிவுகளுக்கு இடையில் பிறந்து முடிந்துவிட்ட குறுகிய செயன்முறைகளையும், கேர்னலின் செயன்முறைக் கணக்கு வசதி இயங்கும்போது, ஏடொப் விட்டுவிடுவதில்லை. டொப்பும் எச்டொப்பும் அவற்றைக் காணவே மாட்டா.

குறையும் உண்டு. பத்து நிமிடச் சராசரியில் அரை நிமிடக் கொந்தளிப்பு கரைந்துவிடும். நான் இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்திருக்கிறேன். கோப்புகள் பெருத்தாலும் இந்தக் கணினியின் தட்டுக்கு அது சுமையாகவில்லை. ஆயிரக்கணக்கான செயன்முறைகள் ஓடும் பெரிய சேவர்களை நான் பராமரித்ததில்லை. அங்கே இதே இடைவெளியை வைப்பவர்கள் முதல் சில நாட்கள் கோப்பின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. எச்டொப்பையும் அதே கணினியில் வைத்திருக்கிறேன். உடனடியாக ஒன்றை நிறுத்த வேண்டி வந்தால் கை அதற்கே போகிறது.