லேப்டாப்பை மூடினால் வீட்டு இணையமே முடங்கும்: ஒரு யூஎஸ்பி-சி ஹப்புடன் என் அனுபவம்

நான் பயன்படுத்தும், ஈதர்நெட் போர்ட் (இணையக் கேபிளைச் செருகும் துளை) வைத்த யூஎஸ்பி-சி ஹப்பின், அதாவது லேப்டாப்பின் ஒரே துளையில் பல கருவிகளை இணைக்கும் பெட்டியின், விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். திரை இணைப்பு, மெமரி கார்டு, சார்ஜிங் எதிலும் எனக்குக் குறையில்லை. கேபிள் வழி வேகம் 900 மெகாபிட்டுக்கு மேல் அசையாமல் நிற்கிறது. பெரிய கோப்புகளை நகலெடுத்தால் சூடாகும், அவ்வளவுதான்.

ஆனால் லேப்டாப்பை மூடிவைத்துச் சற்று நேரம் போனால், வீட்டில் யாருக்கும் இணையம் இருக்காது. டிவி, பிரிண்டர், மேசைக் கணினி என ஒவ்வொன்றாக முடங்கும். இவற்றையெல்லாம் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் விளக்குகள் மட்டும் மும்முரமாக மினுக்கும். ஹப்பிலிருந்து ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் உடனே சரியாகிவிடும்.

வாடிக்கையாளர் சேவையில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். எரிச்சலின் உச்சம் அதுதான். கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். கம்பி அறுந்திருந்தால் வேகம் 100க்கு இறங்கும், அல்லது இணைப்பே கிடைக்காது. பக்கத்து அறை டிவி ஏன் சாக வேண்டும்? உத்தரவாதத்தில் வேறு ஹப் தந்தார்கள், தாமதிக்காமல் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் அதையே செய்தது.

வினை ஃப்ளோ கன்ட்ரோலில் இருக்கிறது. 1997இல் தரநிலையான ஏற்பாடு இது: வாங்கும் பக்கம் திணறினால், அனுப்பும் பக்கத்தைச் சற்றுப் பொறுக்கச் சொல்லலாம். கிகாபிட்டில் ஒரு முறை சொன்னால் அந்தப் பொறுப்பு அதிகபட்சம் சுமார் 33 மில்லி விநாடிதான் நீடிக்கும். லேப்டாப் உறங்கினாலும் சார்ஜர் வழியாக ஹப்புக்கு மின்சாரம் வருகிறது. வரும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) எடுக்க ஆளில்லாமல் அதன் நினைவகம் நிரம்ப, ‘பொறு, பொறு’ என்று ஓயாமல் கத்துகிறது. ஸ்விட்ச்சும் அப்பாவி அல்ல. ஒரு போர்ட்டுக்காகத் தேங்கியதை மற்றவற்றின் இடத்தையும் விழுங்கவிடுகிறது; அதனால்தான் டிவியும் சேர்ந்து முடங்குகிறது.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், ஹப்பின் நெட்வொர்க் கார்டுக்கான அட்வான்ஸ்டு பக்கத்தில் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்தேன். தொல்லை நின்றது. டிரைவர் புதுப்பிக்கப்பட்டதும் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது; மறுபடி அணைத்தேன்.

வாங்க வேண்டாம். விலை இன்னும் பாதியானாலும் வேண்டாம். ஈதர்நெட் தேவைப்படாதவருக்கு இது அருமையான ஹப். ஆனால் அந்தப் போர்ட் வேண்டாம் என்றால், இதைவிடச் சிறியதே போதுமே.