கால்டுவெல் ஊர்களுக்கு ஒருநாள் சுற்றுலா: அறிஞர் தெரிந்தார், பேராயர் தெரியவில்லை

பேராயர் ராபர்ட் கால்டுவெல் உழைத்த ஊர்களைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் சுற்றுலாவைத் திருநெல்வேலியில் ஒரு சிறிய பயண நிறுவனம் நடத்திவருகிறது. வேன் வசதியானது; மதிய உணவும் கட்டணத்தில் அடக்கம்; வழிகாட்டிக்குக் கணீரென்ற குரல். ஆனால் பேச்சு முழுவதும் 1856இல் வெளிவந்த, அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைச் சுற்றியே அமைந்துவிட்டது.

இடையன்குடிப் பகுதிதான் இச்சுற்றுலாவின் சிறப்பு. 1838இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சென்னையில் வந்திறங்கி, பின்னர் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, கால்நடையாகவே தெற்கே வந்து 1841இல் பனைகள் சூழ்ந்த அவ்வூரில் குடியேறியவரின் கதையை வழிகாட்டி சுவையாகச் சொன்னார். 1847இல் தொடங்கி 1880இல்தான் நிறைவுற்ற தூய திரித்துவ ஆலயத்தின் கூர்வளைவுச் சாளரங்களை நின்று பார்க்கவும், 1891இல் கொடைக்கானலில் காலமாகி இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லறையைக் காணவும் போதிய நேரம் கிடைத்தது. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் பின்னல் பயிற்சியும் அளித்த அவருடைய துணைவியார் எலைசாவைப் பற்றித் தனியே பேசியது பாராட்டத்தக்கது.

வழிகாட்டி சறுக்கியது பேராயர் பதவியைப் பற்றிச் சொன்னபோதுதான். கால்டுவெல்லைத் திருநெல்வேலியின் முதல் பேராயர் என்றார். உண்மையில் 1877இல் கொல்கத்தாவில், சி.எம்.எஸ். என்ற மற்றோர் ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் எட்வர்ட் சார்ஜண்ட்டுடன் சேர்ந்து, சென்னைப் பேராயருக்கு உதவிப் பேராயராகவே அவர் அபிஷேகம் பெற்றார். ஒரே மாவட்டத்தில் இரு சங்கங்களுக்கும் ஆளுக்கொரு உதவிப் பேராயர் என்ற அந்த விநோத ஏற்பாடே ஒரு மணி நேரம் பேசத்தக்க செய்தி. திருநெல்வேலி தனித் திருமண்டலம், அதாவது தனிப் பேராயரின் ஆளுகைப் பகுதி, ஆனது 1896இல். அதன் முதல் பேராயர் சாமுவேல் மார்லி. அறுபது வயதைக் கடந்து கால்டுவெல் உதவிப் பேராயர் பொறுப்பை ஏற்றபோது நாட்டை வாட்டிக்கொண்டிருந்த பெரும் பஞ்சத்தைப் பற்றியும் பேச்சில்லை. நாடார் சமூகத்தைப் பற்றி 1849இல் அவர் எழுதிய சிறுநூலையும், அதை அச்சமூகத்தைச் சேர்ந்த சட்டாம்பிள்ளை போன்றோர் கடுமையாக எதிர்த்ததையும் கேட்டபோது, வழிகாட்டி புன்னகையோடு பேச்சை மாற்றினார். இது வருத்தமளித்தது.

கால்டுவெல் அகழாய்வு செய்த, பண்டைய பாண்டியர் துறைமுகமான கொற்கையை, உச்சி வெயிலைக் காரணம் காட்டி வேனில் இருந்தபடியே காட்டி முடித்தார்கள்.

இடையன்குடிக்காகவே இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கலாம். ஞாயிறு காலையில் ஆராதனை நடைபெறும் என்பதால், ஆலயத்தை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வேறு கிழமைக்கு முன்பதிவு செய்வது நல்லது.